முதலில் செலவிடு, பிறகு வழக்காடு: துறைகளின் இடைவெளியில் விழும் குழந்தைகள்

திருநின்றவூரின் சேரிப் பகுதி ஒன்றில் நடந்த சட்ட உதவி முகாமுக்கு ஒரு தாய் தன் ஒன்பது வயது மகனை இடுப்பில் சுமந்து வந்தார். சிறுவனுக்கு மூளை முடக்குவாதம், அதனுடன் அறிவுசார் குறைபாடு, அவ்வப்போது வலிப்பு. தாயின் கையில் ஒரு நெகிழிப் பை. அதற்குள் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், அரசு மருத்துவமனையின் பரிந்துரைச் சீட்டு, வீட்டிலிருந்தே பயிற்சி பெறலாம் என்று பள்ளி தந்த கடிதம், காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை என்று ஏழு ஆவணங்கள் இருந்தன. ஒன்றுகூடப் பொய்யில்லை, ஒன்றுகூடக் காலாவதியாகவில்லை. அவர் கேட்டதும் பெரிதல்ல.

“புள்ள உக்கார ஒரு நாற்காலி வேணும். வாரத்துக்கு ரெண்டு நாள் கைகாலுக்குப் பயிற்சி குடுக்கணும். அவ்வளவுதான். எந்த ஆபீசுக்குப் போனாலும் இன்னொரு ஆபீசக் கைகாட்டுறாங்க, வக்கீலம்மா.”

அவரைத் திருப்பி அனுப்பிய அலுவலர் எவரும் விதியை மீறவில்லை. நாற்காலி ஒரு துறையின் தலைப்பில் வருகிறது. பயிற்சி வேறொரு துறையின் தலைப்பில் வருகிறது. வலிப்பு மருந்து மூன்றாவது துறையினுடையது. போக்குவரத்துச் செலவு எவருடைய தலைப்பிலும் முழுமையாக வருவதில்லை. ஒவ்வோர் அலுவலரும் தம் எல்லைக்குள் சரியாக நடந்துகொண்டார். அந்தச் சரிகளின் கூட்டுத்தொகையாகத்தான் ஒரு குழந்தை ஒன்பது வயதிலும் தரையில் கிடக்கிறது.

திருநின்றவூர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர் பூசலார். கோயில் கட்டப் பொருளில்லாததால் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டியவர் என்று மரபு அவரைப் போற்றுகிறது. பொருளில்லாத எளியவர் மனத்தில் கட்டியது பக்தி. பொருளும் சட்டமும் அதிகாரமும் உள்ள அரசு, சேவைகளைத் தாளில் மட்டும் கட்டினால் அதற்கு அப்பெயர் பொருந்தாது.

இக்கட்டுரையின் வாதம் ஒன்றே. பல்வகைத் தேவைகள் உள்ள குழந்தைகளுக்கான சேவை சிதறிக் கிடப்பதற்குக் காரணம் அதற்கான பணம் சிதறிக் கிடப்பதே. அந்தச் சிதறலின் முழுச் சுமையையும் சுமப்பவர்கள் அலுவலகம் அலுவலகமாக அலைய நேரமும் கூலியும் இல்லாத குடும்பங்கள். அவற்றில் தலித் குடும்பங்கள் முன்வரிசையில் நிற்கின்றன. எனவே கூட்டு நிதி என்பதை நிர்வாகச் சீர்திருத்தமாக மட்டும் பார்க்காமல், சமூகநீதிக் கோரிக்கையாக நாம் முன்வைக்க வேண்டும்.

ஒரு குழந்தை, பல கருவூலங்கள்

முகாமுக்கு வந்த சிறுவனைப் போன்ற ஒரு குழந்தைக்கு இன்று தமிழ்நாட்டில் பணம் வரக்கூடிய வழிகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

முதலாவது, பள்ளிக் கல்வித் துறை. 2018இல் தொடங்கிய ‘சமக்ர சிக்ஷா’ என்னும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் உள்ளடக்கிய கல்விப் பிரிவு சிறப்பாசிரியர்களையும் இயன்முறை மருத்துவர்களையும் அமர்த்துகிறது; வட்டார வள மையங்களை நடத்துகிறது; பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளுக்கு வீட்டுவழிப் பயிற்சி தருகிறது. இதற்கான செலவில் 60 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்க வேண்டும். இத்திட்ட விதிமுறைப்படி, சிறப்புத் தேவையுள்ள ஒரு குழந்தைக்கான மாணவர் சார்ந்த செலவின் உச்சவரம்பு ஆண்டுக்கு 3,500 ரூபாய். நாள் கணக்கில் பார்த்தால் பத்து ரூபாய்கூட வராது.

இரண்டாவது, சுகாதாரத் துறை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளின் குறைபாடுகளைக் கண்டறிந்து, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்ப வேண்டும். இதன் நிதியும் தேசிய சுகாதார இயக்கத்தின் 60:40 பங்கீட்டில் வருகிறது.

மூன்றாவது, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு மாதப் பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் 2,000 ரூபாயாக வழங்கப்படுகிறது. நாற்காலி, சக்கர நாற்காலி போன்ற உதவி உபகரணங்களும் இத்துறையின் பொறுப்பு.

நான்காவது, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய அறக்கட்டளை. மூளை முடக்குவாதம், புற உலகச் சிந்தனையற்ற நிலை, அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு இதன் வழியே வருகிறது.

ஐந்தாவது, ஆதிதிராவிடர் நலத்துறையும் பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்ட நிதியும். குழந்தை பட்டியல் சாதியைச் சேர்ந்ததாக இருந்தும், முதல் நான்கு துறைகளின் மேசைகளில் இந்த நிதியைப் பற்றிய பேச்சே எழுவதில்லை.

ஐந்து வழிகளையும் கூட்டிப் பார்த்தால் பணம் சுழியம் அல்ல. ஆனால் ஒவ்வொரு வழிக்கும் தனி விண்ணப்பம், தனி வருமான வரம்பு, தனி மருத்துவச் சான்று, தனி நிதியாண்டுக் கெடு. ஐந்தையும் ஒரு குழந்தையின் பெயரில் ஒன்றுசேர்க்கும் வேலை எந்த அலுவலருக்கும் ஒப்படைக்கப்படவில்லை. ஊதியமில்லாமல் அவ்வேலையைச் செய்பவர் தாய். தொழிற்பேட்டையில் நாள்கூலிக்குத் துப்புரவு வேலை செய்யும் ஒருவருக்கு ஒரு விண்ணப்பம் என்பது ஒரு நாள் கூலி. ஐந்து விண்ணப்பங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நடை என்றால் அரை மாத வருமானம் போயிற்று.

அறுபதுக்கு நாற்பது: கூட்டுப் பொறுப்பு கைவிடப்பட்ட கதை

கூட்டு நிதி என்பது நமக்குப் புதிய கருத்து அல்ல. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 7ஆவது பிரிவு, அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தத் தேவையான நிதியை வழங்குவது ஒன்றிய, மாநில அரசுகளின் ஒருங்கமைந்த பொறுப்பு என்று சொல்கிறது. 2012இல் செய்யப்பட்ட திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளை, பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளோடு சேர்த்து, ‘பின்தங்கிய பிரிவைச் சேர்ந்த குழந்தை’ என்னும் வரையறைக்குள் கொண்டுவந்தது. கடுமையான, பல்வகைக் குறைபாடுள்ள குழந்தைகள் விரும்பினால் வீட்டுவழிக் கல்வி பெறும் உரிமையையும் அதே திருத்தம் தந்தது.

இந்தக் கூட்டுப் பொறுப்பு நெருக்கடியில் என்ன ஆனது? 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு ஒப்புதல் பெற்ற தொகை 3,586 கோடி ரூபாய். இதில் ஒன்றிய அரசின் பங்கு 2,152 கோடி. முதல் தவணையான 573 கோடி ரூபாய்கூட வரவில்லை என்று 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ‘பி.எம். ஸ்ரீ’ பள்ளித் திட்டத்துக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தேசியக் கல்விக் கொள்கை 2020ஐ முழுமையாக ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. மாநிலம் அதற்குக் கையெழுத்திட மறுத்தது. அந்தத் திட்டத்தோடு இந்தத் திட்டத்தின் நிதியும் முடிச்சுப் போடப்பட்டது. 2025 மே மாதம் அரசியலமைப்பின் 131ஆவது கூறின் கீழ் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து, வட்டியுடன் 2,291 கோடி ரூபாய் கோரியது. ஏறத்தாழ 44 லட்சம் மாணவர்களும் 2.2 லட்சம் ஆசிரியர்களும் பாதிக்கப்படுவதாக அதில் கூறியது.

மும்மொழிக் கொள்கையை எதிர்க்கும் உரிமை தமிழ்நாட்டுக்கு உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஒரு திட்டத்தின் பணத்தைப் பிணையாக வைத்து இன்னொரு கொள்கையைத் திணிப்பது கூட்டாட்சிக்கு விரோதமானது. அந்த வாதத்தை இந்த இதழ் உள்ளிட்ட பலரும் வலுவாக முன்வைத்திருக்கிறோம். ஆனால் அந்த விவாதம் முழுவதிலும் மொழி பேசப்பட்ட அளவில் நூற்றில் ஒரு பங்குகூட, அதே நிதித் தலைப்பிலிருந்து ஊதியம் பெறும் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் பேசப்படவில்லை. இவர்களில் பெரும்பாலோர் தொகுப்பூதியத்தில் பணிபுரிபவர்கள். பொதுப் பள்ளியில் ஒரு மாதம் பாடம் தடைப்பட்டால் அடுத்த மாதம் ஈடுசெய்யலாம். மூளை முடக்குவாதக் குழந்தையின் தசைகள் நிதியாண்டுக்காகக் காத்திருப்பதில்லை. சில மாதங்கள் பயிற்சி நின்றால் மூட்டுகள் இறுகும். இறுகியதை அறுவை சிகிச்சையால்தான் தளர்த்த வேண்டிவரும்.

மாநில அரசின் நடத்தையும் கேள்விக்கு உட்பட்டதே. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு இடங்களுக்கான சேர்க்கை, ஒன்றிய நிதி வரவில்லை என்ற காரணத்தால் 2025 கோடையில் வழக்கம்போல் தொடங்கப்படவில்லை. இதுகுறித்த பொதுநல வழக்கில் 2025 ஜூனில் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம் இரு பக்கமும் கேட்க வேண்டிய இரண்டு செய்திகளைச் சொன்னது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழான நிதியைத் தேசியக் கல்விக் கொள்கையோடு இணைக்கத் தேவையில்லை என்பது ஒன்று. ஒன்றியத்திடமிருந்து பணம் வரவில்லை என்பதைக் காட்டி மாநிலம் தன் சட்டக் கடமையிலிருந்து விலக முடியாது என்பது மற்றொன்று. பின்னர் 2025 அக்டோபரில் கல்வி உரிமைச் சட்டக் கூறுக்கான ஒரு தொகை விடுவிக்கப்பட்டு, சேர்க்கை தாமதமாகத் தொடங்கியது. பள்ளி திறந்து நான்கு மாதங்கள் கடந்திருந்தன.

இந்த நிகழ்விலிருந்து கற்க வேண்டியது இது: இருவர் சேர்ந்து பொறுப்பு என்று மட்டும் சட்டம் சொல்லி, ஒருவர் தவறினால் குழந்தைக்கு யார் தருவது என்று சொல்லாவிட்டால், கூட்டுப் பொறுப்பு என்பது இருவருக்கும் கிடைத்த சாக்காக மாறிவிடும். மேலே அரசுகளுக்கிடையே நடப்பதுதான் கீழே மாவட்டத்தில் துறைகளுக்கிடையேயும் நடக்கிறது.

இதில் சாதி எங்கே வருகிறது?

“குறைபாடு எல்லாச் சாதியிலும் வரும், இதில் ஏன் சாதியை நுழைக்கிறீர்கள்?” என்று கல்லூரிக் கூட்டங்களில் கேட்கப்படுகிறது. முதலில் கணக்கைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு, பட்டியல் சாதியினரில் 2.45 விழுக்காடு. கர்ப்பகால ஊட்டக்குறைவு, தரமான பிரசவ வசதி எட்டாமை, பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலையும் மூச்சுத்திணறலும் உரிய நேரத்தில் கவனிக்கப்படாமை ஆகியவை மூளைப் பாதிப்புக்கு அறியப்பட்ட காரணங்கள். இவை வறுமையோடும் வசிப்பிடத்தோடும் பிணைந்தவை. வறுமையும் வசிப்பிடமும் இந்நாட்டில் சாதியோடு பிணைந்தவை.

அடுத்து நிலவியல். சென்னைப் பெருநகரில் பல்வகைக் குறைபாட்டுக்கான பெயர்பெற்ற நிறுவனங்கள் எங்கே இருக்கின்றன? ஒன்றிய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ளது. மூளை முடக்குவாதத்துக்காக நெடுங்காலமாக இயங்கும் தன்னார்வ நிறுவனங்கள் கோட்டூர்புரத்திலும் தரமணியிலும் உள்ளன. தமிழ்நாடு அரசின் ‘விழுதுகள்’ ஒருங்கிணைந்த சேவை மையம் சோழிங்கநல்லூரில் உள்ளது. இவை அனைத்தும் நகரின் தென்பகுதி. திருநின்றவூரிலிருந்து முட்டுக்காடு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். நெரிசலான அரக்கோணம் மின்சார ரயிலில் கழுத்து நிற்காத குழந்தையைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரல் வந்து, அங்கிருந்து இரண்டு பேருந்து மாறி, மாலையில் அதே வழியில் திரும்புவதை வாரம் இருமுறை செய்ய எந்தத் தாயால் முடியும்? அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் வழியாக மேற்கே நீளும் இத்தொழிற்பகுதியில் உழைக்கும் மக்கள் நிறைந்திருக்கிறார்கள். நகரத்தை விட்டு வெளியே தள்ளப்பட்டவர்களும் இருக்கிறார்கள். சேவைகள் மட்டும் அவர்களைத் தொடர்ந்து வரவில்லை.

‘விழுதுகள்’ மையம் இடம்பெறும் ‘உரிமைகள்’ திட்டம் உலக வங்கிக் கடனுடன் 1,700 கோடி ரூபாய்க்கு மேலான மதிப்பில் நடைபெறுகிறது. பல சிகிச்சைகளை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவரும் அதன் நோக்கம் சரியானது. வீடு தேடிச் செல்லும் முன்களப் பணியாளர்கள் என்னும் ஏற்பாடும் வரவேற்கத்தக்கது. ஆனால் கடனில் நடக்கும் திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு. திட்டக் காலம் முடிந்தபின் இந்தப் பணியாளர்களின் ஊதியத்தை எந்தத் துறையின் நிரந்தரத் தலைப்பு ஏற்கும் என்பதை இப்போதே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

சட்டம் இந்தக் குறுக்குவெட்டை அறியாதது அல்ல. 2021 ஏப்ரலில் பத்தான் ஜமால் வலி வழக்கில் உச்ச நீதிமன்றம், பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண்ணொருவர் மீதான பாலியல் வன்முறையை விசாரித்தது. சாதி, பாலினம், குறைபாடு ஆகியவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி அவரது நிலையை உருவாக்கின என்றும் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்றும் விரிவாக எழுதியது. பாலியல் வன்முறைக்கான ஆயுள் தண்டனையையும் உறுதிசெய்தது. ஆயினும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை, சாதியின் காரணமாகவே குற்றம் நிகழ்ந்தது என்பதற்குத் தனிச் சான்று இல்லை என்று சொல்லி நீக்கியது. கோட்பாட்டில் ஒன்றாக இணைக்கப்பட்டவை நடைமுறையில் மீண்டும் தனித்தனிப் பெட்டிகளுக்குத் திரும்பின. நம் வரவுசெலவுத் திட்டமும் அதையே செய்கிறது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் மேசையில் அந்தச் சிறுவனுக்குச் சாதி இல்லை. ஆதிதிராவிடர் நலத்துறையின் மேசையில் அவனுக்குக் குறைபாடு இல்லை.

ஜோர்டானின் பெயரால் ஒரு கொள்கை

இந்தச் சிக்கலுக்கு உலகில் கிடைத்திருக்கும் மிகத் தெளிவான விடை, நம்மைப் போலவே வரலாற்றால் ஒடுக்கப்பட்ட ஒரு மக்களிடமிருந்து வந்தது. கனடாவின் மானிடோபா மாநிலத்தில் நார்வே ஹவுஸ் கிரீ என்னும் பூர்வகுடியைச் சேர்ந்த ஜோர்டான் ரிவர் ஆண்டர்சன் 1999இல் சிக்கலான மருத்துவத் தேவைகளுடன் பிறந்தான். இரண்டு வயதானபோது, தகுந்த உதவியோடு அவன் மருத்துவமனையை விட்டு வெளியேறலாம் என்று மருத்துவர்கள் கூறினர். பூர்வகுடியல்லாத குழந்தையாக இருந்திருந்தால் மாநில அரசு செலவை ஏற்றிருக்கும். அவன் பூர்வகுடி என்பதால், வீட்டுப் பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்று கூட்டரசும் மாநில அரசும் இரண்டாண்டுகளுக்கு மேல் வாதிட்டன. 2005இல், ஐந்து வயதில், தன் குடும்பத்தின் வீட்டில் ஒரு நாள்கூட வாழாமல் அவன் மருத்துவமனையிலேயே இறந்தான்.

அவன் பெயரால் உருவான ‘ஜோர்டான் கொள்கை’யைக் கனடா நாடாளுமன்றத்தின் கீழவை 2007 டிசம்பரில் ஒருமனதாக ஏற்றது. அதன் சாரம் எளிது. குழந்தை முதலில் அணுகும் அரசோ துறையோ செலவை உடனே ஏற்க வேண்டும். அது யாருடைய பொறுப்பு என்ற வழக்கைப் பிறகு தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும். தீர்மானம் மட்டும் போதவில்லை. கூட்டரசு அதைக் குறுக்கிப் பொருள்கொண்டதால், பூர்வகுடி அமைப்புகள் வழக்காடி, 2016இல் அது இனப்பாகுபாடு என்னும் தீர்ப்பை மனித உரிமைத் தீர்ப்பாயத்திடமிருந்து பெற்றன. 2023இல் குழந்தை நலப் பாகுபாட்டையும் இக்கொள்கை மறுக்கப்பட்டதையும் சேர்த்து 2,300 கோடி டாலருக்கு மேலான இழப்பீட்டு உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. இன்றும் அங்கே விண்ணப்பங்கள் தேங்குவதும் போராட்டங்கள் தொடர்வதும் உண்டு. இருப்பினும், துறைகளுக்கிடையிலான தகராறு குழந்தையின் தலையில் விழக் கூடாது என்பது சட்டக் கடமையாக நிலைபெற்றுவிட்டது.

இங்கிலாந்தில் வேறு வழி. 2014ஆம் ஆண்டுக் குழந்தைகள், குடும்பங்கள் சட்டம், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கான கல்வி, சுகாதாரம், பராமரிப்பு ஆகியவற்றை உள்ளாட்சியும் சுகாதார அமைப்பும் கூட்டாகத் திட்டமிட்டுப் பெற்றுத் தர வேண்டும் என்கிறது. ஒரு குழந்தைக்கு ஒரே திட்ட ஆவணம். அதில் எழுதப்பட்டது போதாது என்று கருதினால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அமெரிக்கா எதிர்மறையான பாடம் தருகிறது. 1975இல் இயற்றிய சட்டத்தில் கூடுதல் செலவில் 40 விழுக்காட்டைக் கூட்டரசு தரும் என்ற இலக்கை வைத்தார்கள். அரை நூற்றாண்டாகியும் அந்த அளவை ஒருமுறைகூட எட்டவில்லை. விகிதத்தை எழுதிவைப்பது பணத்தைக் கொண்டுவந்துவிடாது.

நம் சட்டத்திலேயே உள்ள கதவுகள்

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 38ஆவது பிரிவு, உயர் ஆதரவு தேவைப்படும் எவரும், அல்லது அவர் சார்பில் எந்த ஒருவரும் அமைப்பும், உரிய அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம் என்கிறது. அந்த விண்ணப்பம் மதிப்பீட்டு வாரியத்துக்குச் செல்ல வேண்டும். எத்தகைய ஆதரவு தேவை என்று வாரியம் எழுத்தில் சான்றளிக்க வேண்டும். ஒரு குழந்தை, ஒரு திட்டம் என்பதற்கான வித்து இங்கே இருக்கிறது. அதன் பலவீனமும் அதே பிரிவில் இருக்கிறது: ஆதரவு வழங்குவது “அரசின் திட்டங்களுக்கு உட்பட்டு” என்று முடிகிறது. திட்டம் இல்லையென்றால் ஆதரவும் இல்லை. ஆகவே, நிதியை இணைக்கும் ஒரு மாநிலத் திட்டத்தை அரசாணையாகப் பெறுவதே நமது உடனடி இலக்கு.

அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு, சமூகப் பாதுகாப்புத் திட்டங்களை வகுக்கும்போது குறைபாட்டின் வகை, பாலினம், வயது ஆகியவற்றோடு சமூக-பொருளாதார நிலையையும் கருத வேண்டும் என்கிறது. மற்றவர்களுக்கான ஒத்த திட்டங்களைவிட உதவித்தொகை குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சாதியைக் கணக்கில் எடுக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று எந்த அலுவலரும் சொல்ல முடியாது.

மூன்றாவது கதவு நமக்கு மிக நெருக்கமானது. 1979-80இல் தொடங்கிய சிறப்புக் கூறுத் திட்டத்தின் தொடர்ச்சியாக, நீண்ட போராட்டத்துக்குப் பின், 2024 பிப்ரவரியில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. அந்த விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்கி, திட்டமிட்டு, கண்காணிப்பதற்கான சட்டம் அது. பொதுத் திட்டங்களின் செலவில் ஒரு பகுதியைக் கணக்கில் மட்டும் நம் பெயரில் எழுதும் பழைய வழக்கத்துக்கு இது முடிவுகட்ட வேண்டும். கர்நாடகத்தில் 2013இலேயே இத்தகைய சட்டம் வந்தது. அதிலிருந்த ஓட்டையின் வழியே நிதி வேறு பக்கம் திரும்பியதால், 2023இல் அந்த 7(டி) பிரிவையே நீக்க வேண்டியதாயிற்று. அந்த எச்சரிக்கை நமக்கும் உரியது.

இம்மூன்றையும் இணைத்து நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் நான்கு.

ஒன்று: மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில், உயர் ஆதரவு தேவைப்படும் குழந்தைகளுக்கான கூட்டு நிதித் தொகுப்பு. பள்ளிக் கல்வி, சுகாதாரம், மாற்றுத்திறனாளிகள் நலம் ஆகிய மூன்று துறைகளும் நிதியாண்டின் தொடக்கத்திலேயே தத்தம் பங்கை அதில் செலுத்த வேண்டும்.

இரண்டு: முதலில் அணுகப்படும் துறையே முதலில் செலவிட வேண்டும் என்ற விதி. ஒன்றியப் பங்கு தாமதமானாலும் மாநிலம் முன்பணம் தந்து, பிறகு வசூலிக்கட்டும்.

மூன்று: பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளுக்குச் செயல்திட்ட நிதியிலிருந்து கூடுதல் தொகை. போக்குவரத்து, துணைவருபவரின் இழந்த கூலி, சேரிக்கே வரும் சிகிச்சையாளர் ஆகிய மூன்றுக்கும் அது பயன்பட வேண்டும். இக்கூடுதல் தொகை குழந்தையின் அடையாள எண்ணோடு இணைந்திருக்க வேண்டும். தோராய விகிதக் கணக்காக இருக்கக் கூடாது.

நான்கு: மேற்குப் புறநகருக்கு ஒரு முழுநேரச் சேவை மையம். நகராட்சியாகத் தரம் உயர்ந்த திருநின்றவூர், ரயில் வசதியாலும் சுற்றுக் கிராமங்களின் தொடர்பாலும் அதற்குப் பொருத்தமான இடம்.

எழும் ஆட்சேபங்கள்

செயல்திட்ட நிதியை மாற்றுத்திறனுக்குத் திருப்புவது, அதுவும் ஒரு கசிவுதானே என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். நியாயமான அச்சம். அதனால்தான் இது கூடுதல் தொகையாக மட்டும் இருக்க வேண்டும் என்கிறோம். எல்லாக் குழந்தைகளுக்கும் சட்டப்படி உரிய சிகிச்சைக்கும் உபகரணத்துக்கும் பொதுத் துறைகளே பணம் தர வேண்டும். சாதி ஏற்றிவைத்த தொலைவையும் இழப்பையும் ஈடுசெய்ய மட்டுமே செயல்திட்ட நிதி. இந்த எல்லைக்கோட்டை அரசாணையிலேயே எழுத வேண்டும்.

தொகுப்பில் போட்டால் யாருக்கும் பொறுப்பு இருக்காது என்பது நிதித் துறையின் வழக்கமான வாதம். இன்றைய ஏற்பாட்டில் ஐந்து துறைகளுக்கும் பொறுப்பு இருந்தும் ஒரு நாற்காலி வரவில்லை என்பதே அதற்கு விடை. தொகுப்புக்குப் பெயருள்ள ஓர் அலுவலர், 30 நாள் கெடு, எழுத்துப்பூர்வமான மறுப்பு ஆணை ஆகிய மூன்றும் இருந்தால் பொறுப்பை நீதிமன்றத்தில் நிறுவ முடியும். வாய்மொழியாகக் கைகாட்டி அனுப்புவதை எதிர்த்து வழக்குத் தொடர முடியாது. எழுத்தில் மறுத்ததை எதிர்த்துத் தொடர முடியும்.

ஆட்கள் இல்லை என்பது மூன்றாவது. உண்மைதான். 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறப்பாசிரியர் விகிதத்தை வலியுறுத்தியது. அதன் தொடர்ச்சியாகத் தொடக்கப் பள்ளியில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 குழந்தைகளுக்கு ஒருவர் என்று விதி வகுக்கப்பட்டது. 2025 மார்ச்சில் அதே வழக்கில், பணியிடங்களை அறிவிக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிடப்பட்டது. நிரந்தரப் பணியிடங்கள் வந்தால் இட ஒதுக்கீட்டின் வழியே தலித் இளைஞர்கள் அப்பணிகளுக்கு வருவார்கள். தொகுப்பூதியமாகவே நீடித்தால் வேலைக்கும் உத்தரவாதமில்லை, குழந்தைக்கும் இல்லை.

மாணவர்களும் செயல்பாட்டாளர்களும் செய்யக்கூடியவை

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் வட்டார வள மையத்திடம் கேளுங்கள்: வீட்டுவழிப் பயிற்சிக்குப் பதிவுசெய்யப்பட்ட குழந்தைகள் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், கடந்த ஆண்டு ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் சிகிச்சையாளர் எத்தனை முறை சென்றார்? மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிடம் கேளுங்கள்: செயல்திட்டத்தின் கீழ் காட்டப்பட்ட தொகையில் பெயர் சொல்லத்தக்க பயனாளிகளுக்குச் சென்றது எவ்வளவு? 38ஆவது பிரிவின் கீழ் எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை மதிப்பிடப்பட்டன? பதில் வந்தாலும் அது சான்று. வராவிட்டாலும் மேல்முறையீட்டில் அது சான்று.

அடுத்து, உங்கள் பகுதியில் உள்ள குழந்தைகளின் சார்பில் 38ஆவது பிரிவின் கீழ் விண்ணப்பங்களைக் கூட்டாகத் தாக்கல் செய்யுங்கள். அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. கிடைக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் 80ஆவது பிரிவின் கீழ் முறையிடலாம்; அதன்பின் உயர் நீதிமன்றம் இருக்கிறது. ஒரு குடும்பம் தனியாகப் போனால் கைகாட்டி அனுப்புவார்கள். ஐம்பது குடும்பங்கள் ஒரே நாளில் ஒரே கோரிக்கையோடு போனால், எந்தத் துறையின் பொறுப்பு என்று அவர்களே கூடிப் பேச வேண்டிவரும்.

அந்தத் தாயின் விண்ணப்பத்தை 38ஆவது பிரிவின் கீழ் எழுதிக் கொடுத்தோம். ஏழு ஆவணங்களின் நகல்களையும் இணைத்தோம். கையெழுத்திட்டுவிட்டு அவர் கேட்டார்: “இத எந்த ஆபீசுல குடுக்கணும், வக்கீலம்மா?” அதைப் பெற்றுக்கொண்டு, ஒப்புகைச் சீட்டு தந்து, பணத்தை ஒதுக்கும் ஓர் அலுவலகம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் மேற்சொன்ன நான்கு கோரிக்கைகளின் மொத்தப் பொருள்.